மேஜர் ஒன்று, கைவேலை ஒன்று

பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில், கோவையை ஒட்டிய எங்கள் மதுக்கரையில், மார்க்கெட் பக்கம் இ-சேவை மையத்தில் நிற்க இடம் கிடைக்காது. ஆளுக்கொரு பிளாஸ்டிக் கவர். உள்ளே மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, ஆதார் நகல், நான்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா திரும்பிக் கேட்டார்: "ஏனுங் சார், எம்பட பொண்ணு ஹிஸ்டரிதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அவங்கப்பா கம்ப்யூட்டர்ல சேர்த்தோணுங்கறாரு. ஹிஸ்டரி படிச்சாச் சோத்துக்கு ஆகுமுங்களா?"

ஆகுமுங்க என்றேன். அதற்குள் அவருடைய டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். என்ன செய்தால் ஆகும் என்று சொல்ல நேரம் இருக்கவில்லை. இந்த அத்தியாயம் அதற்காக.

"ஆர்ட்ஸா, இன்ஜினீயரிங்கா" என்று வீட்டில் நடக்கும் சண்டை தப்பான இடத்தில் நடக்கிறது என்பது என் கட்சி. பார்க்க வேண்டியவை இரண்டுதான். மூன்று வருஷம் பிள்ளை அலுக்காமல் படிக்கக்கூடிய மேஜர் ஒன்று. அந்த மேஜருக்குப் பொருந்தும் கைவேலை ஒன்று. கைவேலை என்பது கணினி முன்னால் உட்கார்ந்து, யார் துணையும் இல்லாமல் முடித்துக் கொடுக்கக்கூடிய வேலை. பைத்தானில் சின்ன நிரல் எழுதுவது, வரைபட மென்பொருளில் ஊரையும் ஓடையையும் போடுவது, பத்தாயிரம் வரி உள்ள எக்செல் தாளைச் சுத்தம் செய்து கணக்கு எடுப்பது, ஒலிப்பதிவை வெட்டித் தொகுப்பது, பிழையில்லாமல் யூனிகோடில் தமிழ் தட்டச்சு செய்வது எல்லாம் இதில் சேரும். "கம்ப்யூட்டர் தெரியும்" என்று பயோடேட்டாவில் எழுதுவது சேராது. என்ன செய்து காட்டுவாய் என்று கேட்டால் லேப்டாப்பைத் திறந்து காட்ட ஒன்று இருக்க வேண்டும்.

பாட்டியின் "ங்க"

"எம்பட பையன் நேத்து வந்தானுங்க." மதுக்கரையில் ஒரு பாட்டி இப்படிச் சொன்னால் வந்தது ஒரே பையன். கடைசியில் ஒட்டியிருக்கும் "ங்க" கேட்கிறவருக்குத் தருகிற மரியாதை. "மழை பெய்யுதுங்க" என்கிறோமே, அந்த மரியாதை மழைக்கா? எதிரில் நிற்பவருக்குத்தான். ஆனால் சென்னையில் "பசங்க வந்தானுங்க" என்றால் வந்தவர்கள் பலர்; அங்கே அதே "ங்க" பன்மை. எழுத்தில் இரண்டும் ஒன்று. மொழிபெயர்க்கும் கணினிக்கு எதை வைத்துப் பிரித்துக் காட்டுவது? எழுவாயைப் பார்க்க வேண்டும். பேசுகிறவர் எந்த ஊர் என்பதையும் பார்க்க வேண்டும்.

கோடிங் மட்டும் தெரிந்தவருக்கு இப்படி ஒரு சிக்கல் இருப்பதே கண்ணில் படாது. இலக்கணம் மட்டும் படித்தவருக்குச் சிக்கல் தெரியும். லட்சம் வாக்கியங்களில் அதைத் தேடிப் பிடிக்க வழி தெரியாது. இரண்டையும் கையில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இங்கே வேலை இருக்கிறது. மதுக்கரைப் பிள்ளைக்கோ இந்த "ங்க" தாய்ப்பாலோடு வந்தது. அதைப் பாடமாகவும் தரவாகவும் பார்க்கப் பழகுவதுதான் பாக்கி.

இந்த வேலை எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். ரயிலில் பாலக்காடு பக்கம் போனால் மதுக்கரையைத் தாண்டி வருவது எட்டிமடை. அங்குள்ள அமிர்தா பல்கலைக்கழகத்தில் தமிழ்ச் சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரிக்கும் மென்பொருளிலும், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு இயந்திர மொழிபெயர்ப்பிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மருதமலை ரோட்டில் உள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தில் மொழியியலுக்கென்று தனித் துறை இருக்கிறது. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ் இணைய மாநாடும் அதனோடு சேர்ந்தே நடந்தது. தமிழ் படித்தவர்களும் கணினி படித்தவர்களும் ஒரே கூரையின் கீழ் பேசிய அந்த ஐந்து நாள் கோவைக்குச் சொந்தமானது.

எழுத்தாளர் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி 2000-இல் வெளிவந்தது. ஒருவர் தன் மண்ணின் சொற்களைக் காது கொடுத்துக் கேட்டுச் சேர்த்த வேலை அது. தமிழ் மேஜர் எடுக்கும் பிள்ளைகள் முதல் செமஸ்டரிலேயே அதைப் புரட்டிப் பார்க்க வேண்டும். எந்தச் சொல் விட்டுப்போயிருக்கிறது என்று தேடத் தொடங்கினாலே ஒரு புராஜெக்ட் கிடைத்துவிடும்.

வரலாறு கேட்ட அந்தப் பெண்ணுக்கும் இதே பதில்தான். நம் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாசலில் இருக்கிறது. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்கும் கரூருக்கும் போக்குவரத்து நடந்த வழி இது. போத்தனூர் பக்கத்து வெள்ளலூரில் 1842-இல் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. நொய்யல் கரையில் கொடுமணலில் மணி கோத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் இருந்ததை அகழாய்வு காட்டியது. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்து. அந்த எழுத்தைப் படிக்க மொழியறிவு வேண்டும். காலத்தைக் கணிக்கக் கரிமப் பகுப்பாய்வு, குழியை அளக்க வரைபட மென்பொருள், மேலிருந்து படம் எடுக்க டிரோன். அகழாய்வுக் குழிக்குள் கலையும் தொழில்நுட்பமும் தனித்தனி டிபார்ட்மென்ட் இல்லை.

கல்வெட்டை மைப்படி எடுப்பதை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பாருங்கள். கல்லைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். நனைத்த தாளை அதன்மேல் விரித்துத் தூரிகையால் விடாமல் தட்டுவார்கள். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் இறங்கும். கொஞ்சம் காய்ந்ததும் மை தொட்ட திண்டால் ஒற்றி எடுத்தால் சுற்றிலும் கறுப்பு, எழுத்து மட்டும் வெள்ளை. பேரூர் பட்டீசுவரர் கோயிலில் கல்வெட்டுகள் இருக்கின்றன. அனுமதியில்லாமல் யாரும் தாளோடு போய் நிற்கக்கூடாது, கண்ணால் பார்க்கத் தடையில்லை. பக்கவாட்டில் வெயில் சாயும் மாலை நேரத்தில் எழுத்துகள் எழுந்து தெரியும். மைப்படித் தாளில் உள்ளதை யூனிகோடில் ஏற்றி, ஊர்ப் பெயர், அரசன் பெயர், நில அளவு என்று பிரித்து அட்டவணை போடத் தெரிந்த வரலாற்று மாணவிக்கு ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், நூலக மின்னாக்கம் என்று கதவுகள் திறக்கும்.

மற்ற மேஜர்களுக்குச் சுருக்கமாக: பொருளாதாரத்துக்குப் புள்ளியியலும் எக்செலும்; ஆங்கில இலக்கியத்துக்குத் தொழில்நுட்பக் கையேடு எழுதுவதும் வசன வரிகள் போடுவதும்; விஸ்காம் என்றால் ஒலி, ஒளித் தொகுப்பு. உளவியலுக்குப் புள்ளியியல் கட்டாயம், தப்பிக்க முடியாது.

எங்கே சேர்வது

கோயம்புத்தூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் உள்ள அரசு கலைக் கல்லூரியின் வேர் 1852-இல் இருக்கிறது. பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரி 1947-இல் வந்தது. பெண்களுக்கு நிர்மலா கல்லூரி, அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். பொறியியல் பக்கம் 1945-இல் தொடங்கிய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, 1951-இன் பி.எஸ்.ஜி. டெக், 1956-இன் சி.ஐ.டி. குனியமுத்தூரிலிருந்து மலுமிச்சம்பட்டி வரை நம் பக்கத்திலேயே தனியார் கல்லூரிகள் ஏராளம். பாரதியார் பல்கலைக்கழகம் 1982-இல் உருவானது. கோவை வட்டாரத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் அதன் இணைப்பில் உள்ளவை. பல்கலைக்கழகத்திலேயே நேராகப் போய்ச் சேர்வது பெரும்பாலும் எம்.ஏ., எம்.எஸ்சி. படிக்கத்தான்.

கல்லூரியைத் தேர்வு செய்யும்போது பஸ் தூரத்தையும் கணக்கில் சேருங்கள். 2024 ஆகஸ்ட் 9-இல் உக்கடம் மேம்பாலம் திறந்த பிறகு ஆத்துப்பாலத்தில் நின்று வேகிற நேரம் குறைந்திருக்கிறது. ஆனாலும் இரண்டு பஸ் மாறி நகரின் மறு கோடிக்குப் போகிற பிள்ளை சாயங்காலம் வீடு திரும்பும்போது புத்தகம் திறக்கும் நிலையில் இருக்காது. சேருவதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதே வழியில் பிள்ளையோடு ஒருமுறை போய்வாருங்கள்.

கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அட்மிஷன் கவுண்டரில் கேட்பதைவிட, வெளியே பஸ் ஸ்டாப்பில் நிற்கிற இரண்டாம் வருஷ மாணவரிடம் கேளுங்கள். உங்க டிபார்ட்மென்ட்ல எத்தனை வாத்தியார்? போன வருஷம் நடுவுல எத்தனை பேர் மாறினாங்க? வகுப்பு முடிஞ்சப்புறம் லைப்ரரி திறந்திருக்குமா? அலைடு பாடம் என்னென்ன? இந்த நாலு கேள்வி போதும்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. எங்கள் அண்ணன் மகனை, படிப்பின் பெயரில் "டேட்டா" என்ற சொல் இருந்ததற்காகவே ஒரு கல்லூரியில் சேர்த்தோம். முதல் வருஷம் முழுக்க அந்தப் பாடத்துக்கு நிலையான ஆசிரியர் இல்லை. விலகலாம் என்று போனால் ஒரிஜினல் சான்றிதழ்களைத் தர மறுத்தார்கள். ஒரிஜினலைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-இலேயே அறிவித்திருந்தது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை அத்தனை நாள் அலைந்திருக்க மாட்டான். நீங்கள் ஒரிஜினலைச் சரிபார்க்கக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், ஒரிஜினலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.

விண்ணப்பமும் பணமும்

அரசு கலைக் கல்லூரிகளுக்கு மாநிலம் முழுக்க ஒரே இணையதளம், சுருக்கப் பெயர் டி.என்.காசா. ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிக்கலாம். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க், மற்றவற்றுக்கு மொழிப்பாடம் நீங்கலான நான்கு பாடங்களின் மொத்தம் என்று ரேங்க் போடுவார்கள். ஆகவே மொத்த மார்க் குறைவாக இருந்தாலும் தமிழில் 95 வாங்கிய பிள்ளைக்குத் தமிழ்த் துறையில் நல்ல வாய்ப்பு. பொறியியலுக்குத் தனிக் கலந்தாய்வு. கணக்கு 100, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பது என 200-க்குக் கட் ஆஃப். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் கியூட் என்ற நுழைவுத் தேர்வு. திருவாரூரில் இருப்பதும் டெல்லியில் இருப்பதும் இதில் அடங்கும். கியூட் விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடுவது வழக்கம், ரிசல்ட் வந்தபின் நினைவு வந்து பயனில்லை.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவையில் விண்ணப்பித்து வாங்கி வையுங்கள். கடைசி நேரத்தில் சர்வர் கைகொடுக்காது.

ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குச் சில உரிமைகள் உண்டு. கேட்டு வாங்க வேண்டும். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் இதே கோவையில் தொடங்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இந்தத் தொகை உண்டு. பணம் பிள்ளையின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் வரும். ஆதார் இணைத்த கணக்கு ஒன்று முன்கூட்டியே வேண்டும். அரசுக் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கு இலவச பஸ் பாஸும் இருக்கிறது.

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. பள்ளியிலிருந்தே தமிழ் வழியில் படித்து, பட்டமும் தமிழ் வழியிலேயே முடித்தால்தான் அது பட்டதாரிப் பணிகளுக்குச் செல்லும். குரூப் 2, குரூப் 1 என்று கனவு இருக்கும் பிள்ளை, பி.ஏ.வில் இங்கிலீஷ் மீடியம் என்று டிக் அடிக்கும் முன் இரண்டு நாள் யோசிக்கட்டும்.

சேர்ந்த பிறகு

பார்ட் ஒன் தமிழ், பார்ட் டூ ஆங்கிலம், பார்ட் த்ரீ மேஜரும் அலைடும். பார்ட் ஃபோர், பார்ட் ஃபைவ் என்று வருபவற்றைப் பிள்ளைகள் சும்மா பாஸ் ஆனால் போதும் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம். மற்றத் துறைப் பாடம் ஒன்றை எடுக்க வைக்கும் நான் மேஜர் எலெக்டிவ் பார்ட் ஃபோரில்தான் வருகிறது. வரலாறு மாணவி கணினித் துறை வகுப்பறைக்குள் உரிமையோடு போய் உட்கார அதுதான் வாசல். ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட்டைக் கடையில் பைண்ட் போட்டு வாங்குகிறார்கள் சிலர். மூன்று வருஷத்தில் "இது என் வேலை" என்று காட்டக் கிடைக்கும் ஒரே பொருளை விலைக்கு வாங்கி என்ன செய்வது?

கைவேலையைக் கற்க வெளியே பெரிய தொகை கட்ட வேண்டியதில்லை. மாநில அரசின் நான் முதல்வன் திட்டத்தின் வகுப்புகள் கல்லூரிக்குள்ளேயே வருகின்றன. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. வேண்டாம், பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் வரலாம். பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும். நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வை நேரில் எழுதித் தேறினால் இடம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை தருகிறார்கள். இரண்டு பட்டங்களை ஒரே நேரத்தில் படிக்க யு.ஜி.சி. 2022-இல் வழி திறந்துவிட்டது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இது ஆகாது. முதல் வருஷம் மேஜரில் அரியர் இல்லாமல் நின்றவர்கள் மட்டும் இரண்டாம் வருஷத்தில் முயலட்டும்.

தமிழ் வழியிலிருந்து ஆங்கில வழி வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம் காதில் ஒன்றும் ஏறாது. அது மூளைக் குறைவு இல்லை, பழக்கக் குறைவு. ஒவ்வொரு நாளும் வகுப்பில் வந்த பத்துக் கலைச்சொல்லை எழுதி எதிரே தமிழில் விளக்கம் எழுதினால் தீபாவளிக்குள் தெளியும். பிள்ளை "எனக்கு வராதும்மா" என்று அழுதால் அந்த வாரம் திட்டாதீர்கள்.

சென்னைக்கு எப்போது

பி.ஏ.வுக்கே சென்னை போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பிள்ளைகள் உண்டு. மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியோ மாநிலக் கல்லூரியோ கிடைத்து, விடுதியும் கிடைத்தால் போகட்டும். இல்லையென்றால் எம்.ஏ.வுக்குப் போவதே மேல் என்பேன். அந்த வயதில்தான் அந்த நகரத்தைப் பயன்படுத்தத் தெரியும். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் சேப்பாக்கத்தில். எழும்பூரில் கன்னிமாரா நூலகம், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். தரமணியில் பழைய தமிழ் அச்சு நூல்களைக் காக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம். ஐ.ஐ.டி. மெட்ராஸில் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியல் துறையும் எம்.ஏ.வும் உண்டு என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரிவதில்லை. கேட் தேர்வில் 2021 முதல் ஹியூமானிட்டீஸ், சமூக அறிவியலுக்கென்று தனித் தாளே இருக்கிறது.

ஜூனுக்கு முன் ஒரு வேலை

ரிசல்ட்டுக்கும் கல்லூரி திறப்புக்கும் நடுவே கிடைக்கிற வாரங்களில் இதைச் செய்து பாருங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரை உட்கார வையுங்கள். அம்மாயியாக இருக்கலாம், அப்பச்சியாக இருக்கலாம், சிமென்ட் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு ஐயனாக இருக்கலாம். பதிவு செய்கிறேன் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். ஃபேனை நிறுத்துங்கள், அதன் இரைச்சல்தான் பதிவைக் கெடுக்கும். போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, மேஜைமேல் துண்டு விரித்து வையுங்கள். சுண்ணாம்புக் காளவாய் எப்படி எரித்தார்கள் என்று கேளுங்கள். கல் எங்கிருந்து வந்தது, யார் சுமந்தது, கூலி என்ன, தர்மலிங்கேசுவரர் மலைக்கு முன்பு எந்த வழியாக ஏறினார்கள் என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். இருபது நிமிஷம் போதும்.

பிறகு அதில் ஐந்து நிமிஷத்தை மட்டும், அவர் சொன்னபடியே, திருத்தாமல் யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். "வந்தானுங்க" என்றால் "வந்தானுங்க" என்றே எழுத வேண்டும். கோப்பின் பெயரில் தேதி, ஊர், பேசியவரின் வயது மூன்றும் இருக்கட்டும். ஒரு நகல் போனில், ஒரு நகல் பென் டிரைவில். கல்லூரி திறந்த முதல் வாரத்தில் அந்தப் பென் டிரைவைத் தமிழ்த் துறையிலோ வரலாற்றுத் துறையிலோ கேட்கக் காது இருக்கும் ஓர் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.